மேலே தள்ளுவதா, கீழே இழுப்பதா

தோன் நிக்கனோர் தன் வாழ்நாளில் இரண்டே முறைதான் இரு கைகளையும் முழுதாக விரித்திருக்கிறார் என்று எங்கள் சந்தில் பேச்சு. முதல் முறை, பிறந்த சூட்டோடு சோம்பல் முறித்தபோது. அப்போதே ஒரு கை சுவரில் இடித்துப் பிள்ளை வீறிட்டு அழுததாம். இரண்டாவது முறை எப்போது என்பதற்குத்தான் இவ்வளவு பெரிய கதை.

எங்கள் மலையூரான குவானஹுவாட்டோவில் சந்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் முன்னோர்கள் மலையைப் பிடித்துக்கொண்டு வீடுகளைக் கட்டிவிட்டு, மிச்சம் மீதி இருந்த இடத்துக்குத் தெரு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதிலும் எங்களுடையது விலா எலும்புச் சந்து. பெயர்க் காரணம் வேண்டுமென்றால் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். கீழே சந்தைத் தெருவில் அது தொடங்கும்போது கழுதை போகிற அகலம் இருக்கும். நிக்கனோரின் வீட்டை நெருங்கும்போது கழுதையே நின்று யோசிக்கும். அவருடைய சமையலறைச் சுவர் அந்த இடத்தில் சந்துக்குள் பானை போலப் புடைத்துக்கொண்டு நின்றது. தாத்தா காலத்து ரொட்டி அடுப்பின் முதுகு அது. அதில் ரொட்டி சுட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது, முதுகு மட்டும் இளைக்கவில்லை. புடைப்பைத் தாண்டினால் அவர் வீட்டு வாசல். அதற்கு மேல் ஏழெட்டு வீடுகள். அப்புறம் வெறும் பாறை. ஆகவே மேல்வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் உலகத்துக்குப் போக அந்த ஒரே வழிதான்.

அதற்கென்று எங்களுக்கு ஒரு முறை உண்டு. புடைப்புக்கு முன்னால் நின்று "வர்றேன்!" என்று கத்த வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் ஓரமாக நின்று "வா!" என்பார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, உள்ளே இருக்கும் மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, காற்றுப் போன பந்தாக நழுவிப் போக வேண்டும். நடுவில் மூச்சு இழுக்கவே கூடாது. எங்கள் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கற்றுக்கொள்வது இதைத்தான்.

நிக்கனோருக்கு அந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. துடைப்பக் குச்சிக்கு மீசை வரைந்தது போல ஆள். அந்த உடம்புக்காகவே அவருக்கு வேலை கிடைத்தது என்றும் சொல்லலாம். ஊர் நடுவே இருந்த சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் கூண்டில் அவருக்கு முன்னால் இருந்தவர் கல்யாணமான பிறகு சதை போட்டு, கூண்டுக் கதவைச் சாத்த முடியாமல் போய்விட்டார். நிக்கனோர் உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக் காட்டினார். கூடவே தும்மியும் காட்டினார். முதலாளி வேறு எதையும் கேட்கவில்லை.

ஓய்வு பெறும்வரை அதே கூண்டு. கூண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவர் பார்த்த உலகம் முழுக்கக் கைகள். நகம் கடித்த கை கோழையுடையது, மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருக்கும் கை வேறொருத்தியோடு படம் பார்க்க வந்தவனுடையது, தடித்த விரல் சோம்பேறியுடையது என்று தானாகவே ஒரு சாஸ்திரம் உண்டாக்கி வைத்திருந்தார். கூண்டை விட்டு நகர முடியாததால் ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் உள்ளிருந்து வரும் சத்தத்தை வைத்தே எல்லாப் படத்துக்கும் கதை சொல்லுவார். எல்லாக் கதையிலும் கடைசியில் குதிரை ஓடும்.

கூண்டுக்குள் அடைந்து கிடந்தவர் வீட்டுக்கு வந்தாலாவது கையைக் காலை நீட்டுவார் என்று பார்த்தால், சந்துதான் அவருக்குக் கோயில். சந்தில் வராத பொருள் வாழ்க்கைக்குத் தேவையில்லை என்பது அவர் சித்தாந்தம். பெரிய கட்டில் வரவில்லை, தேவையில்லை. சோபா வரவில்லை, தேவையில்லை. மகள் கிரிசெல்தா சம்பாதிக்கத் தொடங்கியதும் ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்க ஆசைப்பட்டாள்.

"அது சந்துல வருமா?" என்றார்.

"வராதுப்பா. அடுப்பு முதுகைக் கொஞ்சம் செதுக்கினா வரும்."

"அப்ப அது நமக்கு வேணாம்னு கடவுளே சொல்றாரு. பாலு கெட்டா தயிர்னு நெனச்சுக் குடி."

பொருளை மட்டுமல்ல, யோசனையையும் அவர் சந்தின் அகலத்தை வைத்தே அளந்தார். பொம்பளை லாரி ஓட்டுவது, சாப்பிட்டதும் குளிக்கலாம் என்று டாக்டர் சொல்வது, பூமி சுற்றுகிறது என்றால் நமக்கு ஏன் தலை சுற்றவில்லை என்ற அவருடைய கேள்விக்கு வாத்தியார் சொன்ன பதில், எல்லாமே அவருக்கு அகலத்தெரு யோசனை. "அகலத் தெருக்காரன் மூளையில காத்து பூந்து பூந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுது. நம்ம மூள நெருக்கமா இருக்கு, எதுவும் சிந்தாது" என்பார். உள்ளே எதுவும் நுழையவும் நுழையாது என்பதை நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வோம்.

நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து, அடுப்பு முதுகை நகராட்சிச் செலவிலேயே இடித்துத் தருகிறோம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள். நிக்கனோர் ஒற்றைக்காலில் நின்றார்.

"இன்னிக்கு அடுப்பும்பீங்க. நாளைக்குச் சுவரும்பீங்க. அப்புறம் என் மீசையும் நீட்டிட்டு இருக்குன்னு செதுக்க வருவீங்க. போங்கய்யா."

அவர் மனைவி சோலே மட்டும் எல்லா விதத்திலும் தாராளமானவள். அவள் மேலே சிரித்தால் கீழே சந்தைத் தெருவில் புறா பறக்கும். வயது ஏற ஏற உடம்பும் ஏறியது. கடைசிச் சில வருஷங்கள் அவள் சந்திலிருந்து கீழே இறங்கவே இல்லை. முட்டி வலி என்றாள். நிக்கனோர் மனைவிமேல் உயிரையே வைத்திருந்தவர். ஒவ்வொரு வருஷமும் அவளுடைய பெயருக்குரிய மாதாவின் திருநாளில், முட்டி சரியானதும் போட்டுக்கொண்டு கோயில் சதுக்கத்துக்கு வரவேண்டும் என்று புது ஜோடிச் செருப்பு வாங்கி வந்து தருவார். சோலே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிப்பாள். போட்டதில்லை. அவள் இறந்தபோது தூக்கியவர்கள் சந்தில் பாசி வழுக்குகிறது என்று சொல்லிப் பெட்டியை மொட்டைமாடிகளின் மேலேயே ஒவ்வொன்றாகத் தாண்டிக் கொண்டுபோனார்கள். "எங்க சோலே மாதா சிலை மாதிரி மாடி மேலயே ஊர்வலம் போனா" என்று அதை அவர் இன்றுவரை பெருமையாகச் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம். வேறு என்ன செய்வது?

இப்படிப்பட்டவர் மகளுக்கு, பல்தசார் மேல்தான் ஆசை வர வேண்டுமா? சந்தைத் தெரு முனையில் செப்புக் கொப்பரை வைத்துக் கொழுப்பிலேயே பன்றிக்கறி வேகவைத்து விற்பவன். நல்லவன், குரல் உயர்த்திப் பேசாதவன். ஆனால் அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்த கிரிசெல்தா தினமும் மதியம் அவனிடம் கறி வாங்கினாள், அவன் தினமும் சாயங்காலம் அவளிடம் செரிமான மாத்திரை வாங்கினான், இப்படியே காதல் முற்றிவிட்டது. கிரிசெல்தாவுக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கை பாத்தேன் அவனுது. விரலு ஒவ்வொண்ணும் வாழப்பழம். சோம்பேறிக் கை" என்றார் நிக்கனோர்.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு மூட்டறவரு அவரு. நீங்க எழுந்துக்கறதே மாதா கோயில் மணி ரெண்டாவது தடவ அடிச்சதுக்கு அப்புறம்."

"சரி, ஒண்ணு சொல்றேன். பொண்ணு கேக்கறவன் நம்ம வழக்கப்படி ரொட்டிக் கூடையோட வீட்டுக்கு வரணுமில்ல? அவன் சந்துல ஏறி வந்து என் சமையலறையில நிக்கட்டும். அன்னிக்கே சரின்னு சொல்றேன். வரமுடியாமத் திரும்பினா, அந்தப் பேச்சையே விட்டுடணும்."

"வர முடியாதுன்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"நான் எங்க சொல்றேன்? சந்து சொல்லுது."

சந்து முழுக்கச் செய்தி பரவியது. பல்தசார் வாரக்கணக்கில் வெள்ளரிக்காயைத் தின்று நாளைத் தள்ளினான். அவன் கன்னம் ஒட்டியது, கழுத்து ஒட்டியது, வயிறு மட்டும் முதலாளி போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் ரொட்டிக் கூடையை ஏந்திக்கொண்டு ஏறி வந்தான். பின்னால் பாட்டுக்காரர்கள் மூன்று பேர்: கிடார், டிரம்பெட், பெரிய ஊதுகுழல். பெரிய ஊதுகுழல் சந்து வாயிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்தே 'பொம் பொம்' என்று ஊதிக்கொண்டிருந்தது.

"வர்றேன்!" என்று கத்தினான் பல்தசார்.

"வாங்க!" என்றாள் வாசலில் நின்ற கிரிசெல்தா.

பல்தசார் பக்கவாட்டில் திரும்பினான், மூச்சை விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான், நுழைந்தான். புடைப்புக்கு நேர் மேலே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. நிக்கனோர் அதன் பின்னால் உட்கார்ந்து சாக்லேட் பானம் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் கோப்பை வாயருகே அப்படியே நின்றுவிட்டது. பையன் நகர்ந்துகொண்டிருந்தான்! எருமை சேற்றில் நகர்வது போல, மெதுவாக, ஆனால் நிற்காமல். இன்னும் இரண்டு சாண் போனால் வாசல்.

நிக்கனோர் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தேன் ஒழுகும் குரலில் சொன்னார்:

"வணக்கம் பல்தசார்! வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? கறி வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது?"

எங்கள் ஊரில் கழுத்தில் கத்தி வைத்தாலும் வணக்கத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சாவோம். அதுவும் நாலு வார்த்தை நீட்டிச் சொல்வோம். பல்தசாரைப் பெற்றவள் நன்றாக வளர்த்திருந்தாள். அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"ரொம்ப வணக்கங்க தோன் நிக்கனோர்! உங்க ஆசீர்வாதத்துல எல்லாரும்..."

அந்த வாக்கியம் முடியவே இல்லை. வயிறு அடுப்பின் முதுகில் பதிந்து, முதுகு எதிர்ச் சுவரில் ஒட்டி, குப்பிக்கு மூடி போட்டது போல ஆள் நின்றுவிட்டான். கூடை கை நழுவித் தலையில் கவிழ்ந்தது. ரொட்டிகள் வயிற்றுக்கும் அடுப்புக்கும் நடுவே விழுந்து அப்பளமாயின.

"அப்பா!" என்று கத்தினாள் கிரிசெல்தா. "வேணும்னே பண்ணீங்க!"

"வந்த மனுஷனுக்கு வணக்கம் சொல்றது தப்பா? என்ன காலம்டா இது!"

அப்போதுதான் ஊருக்கே ஒரு பெரிய கேள்வி எழுந்தது. இவனை மேலே தள்ளுவதா, கீழே இழுப்பதா? மேலே போனால் கல்யாணம். கீழே போனால் அவ்வளவுதான். கிடார்க்காரனும் டிரம்பெட்காரனும் கீழேயிருந்து மேலே தள்ளினார்கள். கிரிசெல்தா மேலேயிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். நிக்கனோர் ஜன்னல் வழியாகத் துடைப்பத்தை நீட்டி அவன் தோளில் வைத்துக் கீழ்ப்பக்கமாக நெம்பினார். இதற்கு நடுவே மேல்வீட்டு ஹசிந்தா சுடச்சுடத் தமால் கூடையோடு வந்து நின்றாள். சோளமாவில் கறி வைத்து மடலில் கட்டி அவித்துக் கோயில் சதுக்கத்தில் விற்பவள். அறுபது வயது, ஆறு ஊர் வாய்.

"பூசை முடிஞ்சு கூட்டம் கலையுது, இங்க என்னடா தேர் நின்னுபோச்சு?" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, யோசிக்காமல் பல்தசாரின் இடுப்பில் காலை வைத்துக் கீழே தள்ளினாள்.

"ஐயோ அக்கா! மேல இழுக்கறோம், நீங்க கீழ தள்றீங்க!" என்றாள் கிரிசெல்தா.

"எங்க தள்ளினா என்னடி? எனக்கு வழி வேணும்."

இரண்டு பக்கமும் தள்ளியதில் பல்தசார் நடுவில் இன்னும் உருண்டான். டிரம்பெட்காரனுக்கு ஒரு யோசனை வந்தது. பல்தசாரின் கடையிலிருந்தே ஒரு தகரம் பன்றிக் கொழுப்பைக் கொண்டுவந்து, கைக்கு எட்டிய இடமெல்லாம் பூசினான். ஆள் பளபளவென்று ஆனானே தவிர நகரவில்லை. வாசனை மட்டும் நகர்ந்தது. சந்தைத் தெரு நாய்கள் எல்லாம் பாட்டுக்காரர்களின் கால்களுக்கிடையே புகுந்து வந்து அவன் கணுக்காலை நக்கத் தொடங்கின. பல்தசாருக்குக் கூச்சம் அதிகம்.

"நாயை... ஹிஹி... நாயை விரட்டுங்க... ஹிஹிஹி... சிரிச்சா இறுகுது!"

அவன் சிரிக்க, வயிறு குலுங்க, கூரையில் கட்டியிருந்த ஹசிந்தாவின் கோழி பயந்து கொக்கரிக்க, கீழே எதுவும் தெரியாத பெரிய ஊதுகுழல் தாளம் தப்பாமல் 'பொம் பொம்' என்று ஊத, நிக்கனோர் கோட்டையை வென்றவர் போல மீசையை நீவிக்கொண்டார்.

"பாத்தீங்கல்ல? சந்து ஆளப் பாத்துத்தான் விடும். இவ்வளவு பெரிய தொப்பைய வெச்சுக்கிட்டு எங்க சந்துக்குள்ள வரலாமா?"

ஹசிந்தா நெற்றி வேர்வையைத் துடைத்தாள். பல்தசாரைப் பார்த்தாள். சந்துக்குள் துருத்திக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தாள்.

"தொப்பை இருக்கறது அவனுக்கா, உங்க வீட்டுக்கா?" என்றாள்.

மேலும் கீழும் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு நாய்கூடக் குரைத்தது. நிக்கனோர் ஜன்னலைப் பட்டென்று சாத்தினார். புழுக்கம் தாங்காமல் உடனே திறந்தார்.

இனி இப்படியே விட முடியாது, தீயணைப்புக்காரர்களைக் கூட்டி வருகிறேன் என்று கிரிசெல்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணி வைத்து மொட்டைமாடிகளின் மேலேறிப் போனாள். ஹசிந்தா போகிற வியாபாரம் போகட்டும் என்று இருந்த இடத்திலேயே கடை விரித்தாள். கீழே இருந்தவர்களுக்கு வேண்டிய தமால்கள் பல்தசாரின் தலைக்கு மேலாகக் கை மாறின. அவன் வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டான். ஜன்னலுக்குள் நிக்கனோரின் முகம், ஜன்னலுக்கு வெளியே பல்தசாரின் முகம், நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?" என்றான் பல்தசார்.

நிக்கனோர் யோசித்துவிட்டு ஒரு கரண்டி தண்ணீர் ஊட்டினார். "இதுக்கு மேல குடுத்தா நீ ஊதிடுவ."

"ரொம்ப நன்றிங்க." பல்தசார் மாடிப்பக்கம் கண்ணை உயர்த்தினான். "கிரிசெல்தா பத்திரமாப் போயிடுவாளா? அந்த வழியிலதானே சோலே அம்மாவக் கொண்டுபோனாங்க."

"ஆமா. ராணி மாதிரி போனா. வேற யாருக்குக் கிடைக்கும் அந்த மரியாத?"

வணக்கத்துக்கே பதில் சொல்லி மாட்டிக்கொண்டவன் சும்மா இருப்பதைப் பார்த்து நிக்கனோருக்கு என்னவோ போலிருந்தது.

"என்னடா முழிக்கற?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லுடா. ஓடியா போகப் போற?"

"அன்னிக்குச் சந்துல பாசியே இல்லீங்க, தோன் நிக்கனோர். நல்ல வெயில் காலம்." அவன் குரல் மெலிந்தது. "சனிக்கிழம தோறும் உங்க வீட்டுக்குக் கறி வருமே, யாரு கொண்டாந்தாங்கன்னு நெனச்சீங்க?"

"ஹசிந்தா."

"நான்தாங்க. அம்மாவுக்குக் கீழ வர முடியல, எனக்கு மேல வர முடியல. நான் இந்தப் பக்கம் நிப்பேன், அவங்க அந்தப் பக்கம் நிப்பாங்க. துடைப்பக் கட்டையில கூடையக் கட்டி நீட்டுவாங்க, நான் பொட்டலத்த வெப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் நின்னு பேசுவோம், சிரிப்போம். முட்டியெல்லாம் அவங்களுக்கு நல்லாத்தாங்க இருந்துச்சு. நின்ன இடத்துலயே ஆடிக் காட்டுவாங்க."

நிக்கனோர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப முட்டி வலின்னு ஏன் சொன்னா?"

"நானும் கேட்டேங்க. 'காட்டிக்கொடுத்துடாத பல்தசார். அந்தாளுக்கு அந்த அடுப்புன்னா உயிரு. அடுப்பா, நானான்னு கேட்டா அவரு திருதிருன்னு முழிப்பாரு, அத என்னால பாக்க முடியாது'ன்னாங்க. 'அடுப்புன்னு சொல்லிடுவாரோன்னு பயமா?'ன்னு கேட்டேன். எல்லாத்துக்கும் சிரிக்கறவங்க, அதுக்கு மட்டும் சிரிக்கல."

நிக்கனோர் வாசல் பக்கம் திரும்பி, "ஹசிந்தா, உனக்குத் தெரியுமா இது?" என்று கத்தினார்.

"இந்த நாய்ங்களுக்குக்கூடத் தெரியும்" என்றாள் ஹசிந்தா. ஆனால் அவளும் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

கூண்டுக்குள் இருந்த காலத்தில்கூட நிக்கனோருக்கு மூச்சு முட்டியதில்லை. இப்போது முட்டியது. எழுந்தார். குனிந்து அடுப்பின் வாயைத் திறந்தார். உள்ளே சோலே அடுக்கி வைத்திருந்த செருப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு பெட்டியைத் திறந்து செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அழுதார். சத்தமாகவே அழுதார்.

"என்னங்க ஆச்சு? தோன் நிக்கனோர்? நான் வேணும்னா கீழயே போயிடறேங்க!" என்று பதறினான் பல்தசார், போக முடிகிறவன் போல.

"வாய மூடிட்டு வயித்த உள்ள இழுத்துக்கடா!"

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து அடுப்பின் வாய்க்குள் விட்டு ஓங்கிக் குத்தினார். தாத்தா காலத்துச் செங்கல் ஒன்று பெயர்ந்தது. இன்னொன்று. துடைப்பக் குச்சிக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வசவு. தாத்தாவைத் திட்டினார், அடுப்பைத் திட்டினார், சோலேயைத் திட்டினார், எல்லோரையும்விடத் தன்னை அதிகமாகத் திட்டினார். கிடார்க்காரன் குத்துக்கு ஏற்பத் தாளம் போட்டான்.

முதுகுப்பக்கம் மெலிந்ததும் செங்கல்லுக்கு நடுவே பல்தசாரின் கோட்டுப் பொத்தான் தெரிந்தது. நிக்கனோர் கடப்பாரையை வீசிவிட்டு வெறுங்கையால் கல்லைப் பிடுங்கினார். அடுப்புக்கே அதற்குமேல் பிடிவாதம் பிடிக்க மனமில்லை. மொத்தமாக உள்ளே சரிந்தது. அதன்மேல் சாய்ந்து நின்ற பல்தசாரும் கூடவே சரிந்தான். கொழுப்பும் சாம்பலும் புழுதியும் நசுங்கிய ரொட்டியுமாக அவன் சமையலறைக்குள் பாய, நிக்கனோர் இரண்டு கைகளையும் அகல விரித்து அவனைப் பிடித்தார். இதுதான் அந்த இரண்டாவது முறை. பிடித்ததும் இருவரும் தரையில் விழுந்தார்கள். அடியில் இருந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கிரிசெல்தா இரண்டு தீயணைப்புக்காரர்களோடு மாடி வழியாக இறங்கி வந்தபோது சந்தில் அடைப்பைக் காணோம். சுவரில் பெரிய ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு நாய், நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அப்பாவும் பல்தசாரும் தட்டையான ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சமையலறையில நிக்கணும்னுதானே சொன்னேன்" என்றார் நிக்கனோர், விலாவைப் பிடித்துக்கொண்டு. "இவன் உக்காந்துட்டான். டேய், எழுந்து நில்லுடா."

பல்தசார் எழுந்து நின்றான். கோட்டில் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லை.

"சரி" என்றார் நிக்கனோர்.

"சரின்னா?" என்றாள் கிரிசெல்தா.

"சரின்னா சரிதான். கல்யாணத்துக்கு அந்தப் பெரிய ஊதுகுழலையும் மேல வரச் சொல்லு. பாவம், இன்னும் கீழ நின்னு ஊதிட்டு இருக்கான்."

பிறகு கொத்தனார் வந்து சுவரை நேராக்கிக் கட்டினார். கல்யாணம் நடந்தது. குளிர்பதனப் பெட்டி வந்தது, நிக்கனோர் முதல் வேலையாகத் தன் தொப்பியை அதற்குள் வைத்துக் குளிர்ந்ததும் மாட்டிக்கொண்டார். பூமி சுற்றுவதை மட்டும் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கைரேகைக்காரன் மாதிரி மருமகனின் விரலைப் பார்த்து, "தடிச்ச விரலு, நல்ல மனசு" என்று சாஸ்திரத்தைத் திருத்திக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயம் எங்களுக்கெல்லாம் வேடிக்கை. இப்போது அந்த இடத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கலாம். எங்கள் பிள்ளைகள் ஓடுகிறார்கள், கழுதைகூட யோசிப்பதில்லை. நிக்கனோர் மட்டும் பழையபடியே அங்கே வந்ததும் நின்று "வர்றேன்!" என்று கத்தி, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கிறார். ஒரு சாயங்காலம் தமால் கூடையோடு இறங்கி வந்த ஹசிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சுவர இடிச்சு என்ன பிரயோசனம், தோன் நிக்கனோர்? உங்க மண்டைக்குள்ள இருக்கற சந்து அப்படியே இருக்கு. கைய வீசி நடங்க, யாரு தடுக்கறாங்க? குச்சி மாதிரி இருந்துக்கிட்டு யாருக்காக ஓரமா ஒட்டிட்டுப் போறீங்க?"

நிக்கனோர் நிற்கவில்லை. தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் கண்ணால் காட்டினார்.

"சோலே வர்றா. அவளுக்கு எடம் வேணாமா?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கும் ஹசிந்தா கூடையைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு, "வா!" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் தாண்டிப் போகும்வரை ஒதுங்கி நின்றாள்.